எட்டு முகத் துணி

2019 கோடையில் சென்னையில் கார் கழுவும் தொழிலில் இருந்தவர்களுக்குத் தண்ணீரைத் தவிர வேறு பேச்சு இல்லை. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வெடித்த தரையாகக் கிடந்தன. பழைய மாமல்லபுரம் சாலையில் சில மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. குடிக்கிற தண்ணீரை ரயிலேற்றிக் கொண்டுவருகிற ஊரில், குழாயைத் திறந்துவிட்டுக் காரைக் கழுவ யாருக்கும் மனம் வராது. வரவும் கூடாது.

வேளச்சேரிப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. நான் தொழில் படித்தது பழைய பாணி வாட்டர் சர்வீஸில். வண்டியை லிப்டில் ஏற்றி, அடிப்பாகத்தில் டீசல் அடித்து, பம்பைப் போட்டு நனைத்து, ஷாம்பு தேய்த்து, மறுபடி பம்பைப் போட்டு, பனியன் வேஸ்டால் துடைத்து அனுப்புவோம். அங்கே தண்ணீரை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. சாதாரணத் தோட்டக் குழாயில் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் போகும். அரைமணி நேரம் திறந்து வைத்தால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் தண்ணீர் சாக்கடையில் இருக்கும். அந்தக் கோடையில் போர் வற்றியது, லாரித் தண்ணீருக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் தண்ணீர் இல்லாமல் கார் துடைக்கும் திரவங்களை முறையாகச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வாடிக்கையாளர் வண்டியில் சோதனை செய்யக்கூடாது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கறுப்பு பானெட்டுகளாகத் தேடி வாங்கினேன். கறுப்பில்தான் எதையும் மறைக்க முடியாது. பாலீஷ் இயந்திரத்தால் பழைய கீறல்களை எல்லாம் எடுத்துவிட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். ஒரு பானெட்டை அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தள பார்க்கிங்கில் வைத்தேன். இன்னொன்றைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்பர் வீட்டு முற்றத்தில் போட்டேன். மூன்றாவது, கட்டட வேலை நடக்கிற தெருவில் எம்-சாண்ட் குவியலுக்குப் பக்கத்தில். தூசி படியவிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு திரவத்தால், ஒரே ரகத் துணியால் துடைத்து, இருட்டு அறையில் எல்ஈடி டார்ச் அடித்துப் பார்ப்பேன். முடிவைப் புட்டியின் மேல் இருக்கிற விளம்பர வாசகம் சொல்லாது. டார்ச் வெளிச்சம்தான் சொல்லும்.

திரவங்கள் மூன்று ஜாதி என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. முதல் ஜாதி, மெழுகு கலந்த பால் போன்ற திரவம். பெரும்பாலும் கார்னோபா மெழுகு, வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. துடைத்ததும் கண்ணைப் பறிக்கிற பளபளப்பு வரும். கண்ணாடியில் பட்டால் மட்டும் எண்ணெய்ப் படலம் நிற்கும்; இரவில் எதிர் வண்டியின் விளக்கு பட்டால் ஓட்டுநருக்குப் பாதை தெரியாது. ஆகவே கண்ணாடிக்கு வேறு துணி, வேறு திரவம் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டாவது ஜாதி, ஆல்கஹால் தூக்கலாக உள்ளவை. தெளித்த கையோடு பறந்துவிடும். வழுவழுப்பு போதாது. துணியை இழுக்கும்போதே கையில் ஒரு பிடிப்பு தெரியும். அந்தப் பிடிப்பு தெரிந்தால் கை நின்றுவிட வேண்டும். மூன்றாவது ஜாதி, பாலிமர் கலந்த அடர்கரைசல். வேண்டிய அளவு தண்ணீர் கலந்துகொள்வது. அமெரிக்காவின் ஆப்டிமம் நோ ரின்ஸ் இந்த வகையில் பேர்போனது: 30 மில்லியை ஏழரை லிட்டர் தண்ணீரில், அதாவது ஏறக்குறைய ஒன்றுக்கு 256 பங்கு கலந்தால் ஒரு வாளியில் ஒரு காரைத் துடைத்துவிடலாம், அலசவே வேண்டாம், அதையே ஒன்றுக்குப் பதினாறு என்று கெட்டியாகக் கலந்தால் வாளியும் இல்லாமல் தெளித்துத் துடைக்கலாம்.

எனக்கு மூன்றாவது ஜாதிதான் பிடித்தது. பளபளப்பில் அது முதல் ஜாதிக்குக் கொஞ்சம் பின்னால்தான். ஆனால் ஒரு சின்ன டப்பா பல மாதம் வரும், பிளாஸ்டிக் குறையும். கலந்து விற்கப்படும் புட்டிகளில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதை எங்கிருந்தோ லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து சென்னையில் விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சிலிகான் கலந்த திரவங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பெயின்ட் கடையோடு சேர்த்துத் தொழில் செய்பவர்கள் கவனிக்கவேண்டியது. புதிதாகப் பெயின்ட் அடிக்கப்போகிற இடத்தின் பக்கத்தில் அதைத் தெளிக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத துளி ஒன்று தகட்டில் விழுந்திருந்தாலும் மேலே அடிக்கும் பெயின்ட் அந்த இடத்தைவிட்டு விலகிக் குழி குழியாக நிற்கும். பெயின்டர்கள் ஃபிஷ் ஐ என்பார்கள். மறுபடி தேய்த்துத்தான் எடுக்கவேண்டும்.

பானெட்டுகள் சொன்ன முக்கியமான சேதி திரவத்தைப் பற்றியது அல்ல, தூசியைப் பற்றியது. கீழ்த்தள பார்க்கிங்கில் இருந்த பானெட்டை எந்த நல்ல திரவத்தால் துடைத்தாலும் டார்ச்சில் கீறல் தெரியவில்லை. கடற்கரைச் சாலை பானெட்டிலும் எம்-சாண்ட் பானெட்டிலும் எவ்வளவு விலை உயர்ந்த திரவம் போட்டாலும் மெல்லிய கோடுகள் விழுந்தன. ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டருக்கு 30 மில்லி தெளித்தால், அது சீராகப் பரவும்போது படலத்தின் தடிமன் 30 மைக்ரான். நிலவியல்காரர்கள் மணல் என்று சொல்வது 62 மைக்ரானில் தொடங்கி இரண்டு மில்லிமீட்டர் வரை. ஆகச் சின்ன மணல் துகள்கூட அந்தப் படலத்தைப்போல் இரண்டு மடங்கு உயரம். பெரிய துகளோ கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கிற யானை மாதிரி நிற்கும். திரவத்தால் அதை மூடவே முடியாது. துணி முதலில் தொடுவது அந்தத் துகளின் தலையைத்தான். கை அழுத்தினால் துகளின் அடி பெயின்டில் உழும்.

கீழ்த்தள பார்க்கிங்கில் படிகிற தூசி வேறு. அது பெரும்பாலும் மாவு போன்ற நுண்தூசி, நூல் பிசிறு, டயர்ப் பொடி, புகைக்கரி. இவற்றைத் திரவம் முழுக்கச் சூழ்ந்துகொள்ளும். அதிலிருக்கிற சோப்பு வகைச் சேர்மங்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துத் தூசிக்கும் பெயின்டுக்கும் இடையில் நுழைகின்றன. பாலிமர் வழுக்கலைக் கொடுக்கிறது. துணியின் இழை அள்ளிக்கொள்கிறது. இந்த மூன்றும் நடக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். தெளித்ததும் துடைக்கக் கூடாது. மெதுவாக முப்பது எண்ணவேண்டும். என் கடைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் வாரம் நான் சொல்லிக்கொடுப்பது துடைப்பதை அல்ல, துடைக்காமல் நிற்பதை.

கீறல் என்றால் எவ்வளவு ஆழம் என்று வாடிக்கையாளர் கேட்பார்கள். இன்றைய காரில் தகட்டின் மேல் இருக்கும் மொத்தப் பூச்சும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே நிறமில்லாமல் இருக்கிற கிளியர் கோட் நாற்பது ஐம்பது மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. வண்டியின் பளபளப்பு, வெயிலைத் தாங்கும் வலு எல்லாம் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. கிளியர் கோட் அதற்கு முன்னால் எம்மாத்திரம்? கீறலை எடுக்கப் பாலீஷ் போடும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மைக்ரான் போய்விடும். சுரண்டிச் சுரண்டிப் புதுசாக்கிக்கொண்டே இருக்க முடியாது. அந்த இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

வெயிலில் நிற்கிற கறுப்புக் காரில் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். வட்டமாகத் தேய்த்ததால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லாத் திசையிலும் கீறல்கள் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன, அதனால் வட்டமாகத் தெரிகிறது. டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். பானெட்டில் முன்னிருந்து பின்னாக, கதவில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் நோக்கி என்று ஒரே திசையில் துடைத்தால், தப்பித்தவறி விழுகிற கோடும் ஒரு கோணத்தில் மட்டுமே தெரியும். காற்று ஓடும் திசையில் துடை என்று பையன்களிடம் சொல்வேன். அது அவர்கள் மனதில் நிற்கிறது.

துணிக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் என் மனது அதிகம் ஒன்றியிருப்பது இதில்தான். பஞ்சுத் துணியும் பனியன் வேஸ்டும் நனைந்தால் நன்றாகத்தான் துடைக்கும், ஆனால் மண்ணை மேற்பரப்பிலேயே வைத்திருக்கும். மைக்ரோஃபைபர் வேறு. பாலியஸ்டர் எண்பது பங்கு, பாலிஅமைடு இருபது பங்கு சேர்த்து நூற்று, ஒவ்வொரு இழையையும் பல கீற்றாகப் பிளந்திருப்பார்கள். அந்தப் பிளவுக்குள் தூசி ஏறிக்கொள்ளும். நல்ல துணிக்கு ஓரத்தில் தடித்த தையல் இருக்காது. லேபிள் ஒட்டியிருந்தால் முதல் வேலை அதை வெட்டி எறிவது. அந்தப் பிளாஸ்டிக் நாடா ஒன்றே கோடு போடப் போதும். சதுர மீட்டருக்கு 350 கிராமுக்குக் குறைந்த எடையில் துடைக்கும் துணி வாங்குவதில்லை. மெல்லிய துணியில் தூசி ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

நாற்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் துணியைப் பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் ஒரு இழுவைக்கு. பெரிய பானெட்டானால் இரண்டு இழுவைக்கு. பின்னே திருப்பவேண்டும். எட்டும் முடிந்தால் துணி அழுக்குக் கூடைக்குப் போகவேண்டும், மறுபடி அந்த வண்டியைத் தொடக்கூடாது. இழுக்கும்போது கை எடை துணியில் இறங்கக்கூடாது. துணியின் முன்விளிம்பைச் சற்றே தூக்கி உருட்டினாற்போல் எடுத்தால், அள்ளிய தூசி பெயின்டைவிட்டு மேலே போகும். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். சக்கரத்துக்குச் சிவப்புத் துணி. கீழே விழுந்த துணியும் சிவப்போடு சேர்ந்துவிடும். எவ்வளவு விலையானாலும் சரி, தரையைத் தொட்ட துணி மறுபடி பெயின்டைத் தொடக்கூடாது.

துவைப்பதிலும் முறை உண்டு. பஞ்சுத் துணியோடு போட்டால் நூல் பிசிறெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வாசனைக்கும் மென்மைக்கும் போடுகிற துணி கண்டிஷனர் இழைப் பிளவுகளை அடைத்துவிடும். கொதிக்கும் தண்ணீரும் சுடுகாற்று உலர்த்தியும் இழையைக் கெடுத்துச் சொரசொரப்பாக்கும். நிழலில் உலர்த்தி, மூடி வைத்த டப்பாவில் அடுக்கவேண்டும். கொடியில் ஒருநாள் தொங்கினால் சென்னைத் தூசி அதில் ஏறிவிடும்.

இங்கேதான் தண்ணீர்க் கணக்கும் வருகிறது. ஒரு சிறிய காருக்கு எட்டுத் துணி என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில் நாற்பது துணியை ஒரே தடவை போடலாம். ஒரு சுற்றுக்கு ஐம்பது அறுபது லிட்டர் குடிக்கும். ஐந்து காருக்கு வகுத்தால் காருக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர். வாளியில் ஏழரை லிட்டர் கலந்து அலசாமல் துடைக்கும் முறையில் வாளித் தண்ணீரும், இரண்டு மூன்று துணியைத் துவைக்கிற தண்ணீரும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே அளவுதான் வருகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று விற்பவர்கள் துவைப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசவேண்டும். குழாய் போட்டுக் கழுவுவதோடு ஒப்பிட்டால் இரண்டு முறையுமே பெரிய மிச்சம்தான். ஆனால் இந்த இரண்டுக்குள் எதை எடுப்பது என்பதைத் தண்ணீர் தீர்மானிக்காது, வண்டியின் மேல் கிடக்கிற அழுக்குதான் தீர்மானிக்கும். கீழ்த்தளத்தில் நிற்கிற, இரண்டு மூன்று நாள் நுண்தூசி படிந்த வண்டிக்குத் தெளித்துத் துடைப்பது. சாலைத் தூசி கொஞ்சம் கூடுதலாக இருந்தால் வாளியும் அலசாத கரைசலும். மணலோ சேறோ இருந்தால் முதலில் பம்பில் ஒரு நிமிடமாவது பீய்ச்சி மண்ணை இறக்கியாகவேண்டும். இதில் சமரசம் கிடையாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வெள்ளம் வடிந்த தெருக்களில் சேற்று நிறத்தில் கார்கள் நின்றன. தெளித்துத் துடைத்துக் கொடுங்கள் என்று நிறையப் பேர் கூப்பிட்டார்கள். நான் ஒருவருக்கும் செய்யவில்லை. வெள்ளச் சேறு காயும்போது களிமண்ணும் மணலும் சேர்ந்து ஓடு கட்டிவிடும். அதை ஈரத்துணியால் தொடுவது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமானம். நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு இறக்கச் சொன்னேன். தண்ணீர் செலவழிக்கவேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு; அதற்குத்தான் மற்ற நாளில் மிச்சம் பிடிக்கிறோம்.

சென்னைக் காருக்கென்று சில அழுக்குகள் உண்டு. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. மே மாத வெயிலில் விட்டுவைத்தால் கிளியர் கோட்டில் தடம் பதிந்துவிடும். அதைத் துடைக்கக்கூடாது. கெட்டிக் கரைசலில் நனைத்த துணியை அதன் மேல் விரித்துச் சில நிமிடம் கிடக்கவிட்டு, ஊறியதும் கிள்ளி எடுப்பதுபோல் தூக்கவேண்டும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்குப் பிசின் தொல்லை. ஜிஎஸ்டி சாலையில் ராத்திரி ஓட்டி வந்தால் முன்பம்பர் முழுக்கப் பூச்சி. அதற்கும் ஊறவைப்பதுதான் வழி. ஆயுத பூஜைக்கு மறுநாள் பானெட்டில் சந்தனமும் குங்குமமும். குங்குமப் பொடியை உலர்ந்த துணியால் தட்டிவிடப் பலருக்கும் கை துறுதுறுக்கும். பொட்டின் மேல் தெளித்து, ஊறவிட்டு, ஒரே ஒரு தூக்கலில் எடுத்துவிடவேண்டும். வெள்ளை பம்பரில் மஞ்சள் கறை நின்றுவிட்டால் நான் அதைத் தேய்ப்பதில்லை. வெயிலில் நிறுத்தச் சொல்வேன். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாகவே வெளிறிவிடும்.

வெயில் இந்த முறையின் பெரிய எதிரி. பகல் இரண்டு மணிக்கு வெளியே நின்ற வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைக்க முடியாது. அதில் தெளித்தால் திரவம் துணி போய்ச் சேருவதற்குள் காய்ந்து வரிவரியாக ஒட்டிக்கொள்ளும். புறங்கையை வைத்துப் பார். சூடு தெரிந்தால் நிழலுக்குத் தள்ளு, அல்லது விடியற்காலையில் வா. இதற்கு மேல் நுணுக்கம் எதுவும் இல்லை.

கலக்கிற தண்ணீரும் முக்கியம். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது. வண்டியின் மேல் தானாகக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணப் புள்ளி நிற்கும். வெயிலில் அதுவே பெயின்டில் பதியும். குழாய் போட்டுக் கழுவும் வண்டிகளில் பாதிப் பாழ் இந்தப் புள்ளியால்தான். 2019இல் ஊரெல்லாம் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளி வைத்துப் பிடித்தார்கள், நானும் பிடித்தேன். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. துணியில் வடிகட்டி அடர்கரைசலோடு கலந்தால் கண்ணாடியில்கூடத் தடம் தெரியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஓடும் ஒரு ஏசி ஒரு வாளியை நிரப்பும். அன்றிலிருந்து கடையில் கரைசல் கலக்க வேறு தண்ணீர் எடுப்பதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது அடுக்குமாடிகளில் விடியற்காலை நடக்கும் வேலை. ஒரு தம்பி ஐந்து மணிக்கு வருவார். ஒரு வாளி, ஒரு துண்டு. அந்த ஒரே வாளியில் நனைத்துப் பிழிந்து இருபது வண்டியைத் துடைப்பார். மூன்றாவது வண்டிக்கே தண்ணீர் கலங்கிவிடும். பத்தாவது வண்டியின் கதவில் படிவது முதல் ஒன்பது வண்டியின் மண். தண்ணீர்ப் பஞ்சத்தில் பல குடியிருப்புச் சங்கங்கள் வாளியையும் நிறுத்தச் சொன்னபோது வெறும் உலர்ந்த துண்டால் துடைக்க ஆரம்பித்தார்கள். அது இன்னும் மோசம். மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்துத் தினமும் வண்டியைத் துடைக்கச் சொல்கிற உரிமையாளர், ஓரிரு ஆண்டில் கிளியர் கோட்டைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கில் செலவழித்து என்னிடம் வருகிறார். குற்றம் துடைக்கிற தம்பியுடையது அல்ல. தினமும் துடைக்கவேண்டும் என்று கேட்டது யார்? நல்ல துணி வாங்கிக் கொடுக்காதது யார்?

வேளச்சேரி அடுக்குமாடி ஒன்றில் அப்படி வேலை பார்த்த ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். துணியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு வண்டிக்கு எட்டுத் துணின்னா, இருபது வண்டிக்கு நான் எங்க போறது? என் மாசக் காசு பூரா துணிக்கே போயிடுமே" என்றார். நியாயமான கேள்வி. அவரோடு சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன்.

"சார், தினமும் துடைக்கிறதை நிறுத்துங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். சம்பளத்தைக் குறைக்காதீங்க. துணியும் கரைசலும் சங்கக் கணக்குல வாங்கிக் குடுங்க. வண்டியும் நல்லா இருக்கும், தண்ணியும் மிஞ்சும்."

"தினம் துடைக்கலேன்னா அழுக்கா இருக்கேன்னு ஆளுங்க சண்டைக்கு வருவாங்களே?" என்றார் அவர். அவரது வண்டியையே டார்ச் அடித்துக் காட்டினேன். கறுப்புச் செடான். கதவு முழுக்க வலை. பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அடுத்த கூட்டத்தில் அதைப் பொருளாக வைத்தார். ஒப்புதல் உடனே வந்துவிடவில்லை. வண்டியில் தண்ணீர் ஊற்றாவிட்டால் கழுவின மாதிரியே இல்லை என்று ஒரு பெரியவர் கடைசிவரை சொன்னார். அவரது வண்டியை மட்டும் ஒரு வாளி நுரையும் ஒரு வாளி நல்ல தண்ணீருமாகக் கழுவிக் கொடுக்க ஏற்பாடு ஆயிற்று. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு வாளி தண்ணீரால் ஊர் வறண்டுவிடாது.

உடம்பைப் பற்றியும் அந்தத் தம்பியிடம் பேசினேன். கீழ்த்தளத்தில் காற்றோட்டம் குறைவு. நாள் முழுக்கத் தெளிப்பவர் மூக்குக்குள் அந்தச் சாரல் போகிறது. காரின் மேல் பீய்ச்சாமல் துணியின் மேல் தெளித்தால் சாரல் குறையும். முதல் இழுவைக்கு மட்டும் தகட்டில் நேராகத் தெளிக்கவேண்டியிருக்கும், அப்போது முகக்கவசம் வேண்டும். நைட்ரில் கையுறை போட்டால் கை வெடிக்காது. இதற்கு ஆகிற செலவையும் சங்கம்தான் ஏற்கவேண்டும் என்று எழுதி வாங்கினோம்.

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர் நெருக்கடி வந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அங்குள்ள குடிநீர் வாரியம் அறிவித்ததும், அங்கே தொழில் செய்கிறவர்கள் சிலர் என்ன திரவம் வாங்கலாம் என்று போனில் கேட்டார்கள். திரவத்துக்கு வைத்திருக்கிற காசில் முக்கால்வாசியைத் துணிக்குப் போடுங்கள் என்றேன். நடுத்தரத் திரவமும் நல்ல துணியும் சேர்ந்தால் வண்டி தப்பிக்கும். உயர்ந்த திரவமும் மோசமான துணியும் சேர்ந்தால் தப்பிக்காது.

இன்னும் தீராத சங்கதி ஒன்று இருக்கிறது. மைக்ரோஃபைபர் துவைக்கும்போது பிளாஸ்டிக் இழைத்துணுக்குகளை உதிர்க்கிறது. குழாயில் கழுவினால் பிரேக் பொடியும் எண்ணெயும் மழைநீர் வடிகால் வழியாக நேரே ஏரிக்குப் போகின்றன. துணியில் எடுத்தால் அந்த அழுக்கு கழிவுநீர்க் குழாய் வழியாகச் சுத்திகரிப்புக்குப் போகிறது, அது நல்லது. இழைத்துணுக்கு வேறு சங்கதி. இயந்திரத்தின் வெளியேற்றுக் குழாயில் நுண்வலைப் பை கட்டி, அதில் சேர்வதை உலரவைத்துக் குப்பையில் போடுகிறோம். எல்லாவற்றையும் அது பிடிப்பதாக நான் நம்பவில்லை. பிடிக்கிற மட்டும் லாபம்.

அந்த அடுக்குமாடியில் இப்போது துணி துவைக்கக் கீழ்த்தளத்தில் ஒரு பழைய இயந்திரம் வைத்திருக்கிறார்கள். முதல் பிளாக்கின் ஏசிக் குழாய்களை ஒன்றுசேர்த்து ஒரு டிரம்மில் விட்டாயிற்று; கரைசல் கலக்கப்போக மிஞ்சுவதை இயந்திரத்தின் கடைசி அலசலுக்குத் திருப்பிவிடப் பிளம்பர் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். இரண்டாவது பிளாக்கின் குழாய்கள் சுவருக்குள் புதைந்திருப்பதால் அங்கே உடைக்கவேண்டியிருக்கும். செலவுக்கு வரும் ஏப்ரல் கூட்டத்தில் ஒப்புதல் கேட்கப்போகிறார்கள்.